குடா திறக்கும் வரை

நான் ஐஸ் அளக்கிறவள். சங்கரன்கோவிலில் இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு வாங்காமல் திரும்ப முடியாது. பால் ஐஸா சேமியா ஐஸா என்று முதல் தடவை கேட்ட சித்தப்பா இன்றைக்கும் கல்யாண வீட்டில் பார்த்தால் அதையேதான் கேட்கிறார். "ஒங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க சித்தப்பா, ஒண்ணு எடுத்து வைக்கேன்" என்று சொல்லிவிட்டு நானும் பந்திக்குப் போய்விடுவேன். ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்து விளக்கிய காலம் ஒன்று உண்டு. இப்போது அந்தப் பொறுமை இல்லை.

ஆனால் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். தென்துருவத்தைச் சுற்றியிருக்கிற கடல் குளிர்காலத்தில் உறைந்து கெட்டியாகிவிடும். கோடையில் உடைந்து விலகும். நமக்கு மார்கழியும் தையும் என்றால் அங்கே அதுதான் கோடை. ஒவ்வோர் ஆண்டும் கடல் எவ்வளவு உறைகிறது, எவ்வளவு விலகுகிறது என்று விடாமல் குறித்துவைத்தால்தான் பூமி சூடாவதைப் பற்றி ஆராய்கிறவர்கள் எதையாவது உறுதியாகச் சொல்ல முடியும். செயற்கைக்கோள் ரேடாரால் படமெடுத்து அனுப்பும். அதற்கு இருட்டும் மேகமும் தடையில்லை. ஐஸ் எது தண்ணீர் எது என்று கணினியே பிரித்துச் சொல்லிவிடும், ஆனால் அது ஏமாறுகிற இடங்களும் உண்டு. காற்றில் கடல் கலங்கிக் கிடந்தால் தண்ணீர் ஐஸைப் போல வெளுப்பாகத் தெரியும். புதிதாக உறைந்த மெல்லிய ஐஸோ வழுவழுவென்று கறுப்பாக, தண்ணீரைப் போலவே கிடக்கும். அங்கெல்லாம் மனிதக் கண் வேண்டும். ஐஸின் ஓரம் எங்கே முடிகிறது என்று படத்தின் மேல் நாங்கள் கையால் கோடு போடுவோம். ஒரே படத்துக்கு இரண்டு பேர். ஒருவர் கோட்டை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எங்கே ஒத்துப்போகவில்லை என்று பேசித் தீர்ப்போம். எனக்கு ஜோடி கொச்சியில் இருக்கிற ஒரு பெண்.

கல்யாணம் ஒத்துவராமல் நான் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்த ஆண்டில் கிடைத்த வேலை இது. மாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். தெருவில் விசைத்தறிகள் தடதடக்கும். திரையில் ஆள் அரவமே இல்லாத வெள்ளை. எவன் என்ன சொன்னான் எவள் என்ன கேட்டாள் என்ற கவலையெல்லாம் அந்த வெள்ளைக்குள் போனால் மறந்துவிடும். அந்த ஐஸ் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவது மட்டும்தான் அங்கே எனக்கு இருந்த கவலை.

என் தம்பி குருவிகுளம் பக்கம் காற்றாலைகளில் மெக்கானிக்காக இருந்தான். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்தே அவனுக்குக் கிறுக்குப் பிடித்தது என்று அம்மா இன்றும் என்னைத்தான் குற்றம் சொல்லுவாள். அந்தப் பனிக்கண்டத்தின் கரையில், கடல் உள்வாங்கி வளைந்த ஒரு குடாவின் ஓரம் இருக்கிற ஆராய்ச்சி நிலையத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். எழுதிப் போட்டான், கிடைத்துவிட்டது. ஒரு கோடையில் கப்பலில் போனால் அடுத்த கோடையில் கப்பல் வரும் வரை அங்கேயேதான் இருக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "நல்லா இருக்க வேலைய விட்டுட்டு ஐஸுக்குள்ள போயி ஜெனரேட்டர் ஓட்டணுமாக்கும்" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு மகனிடம் பேசவே இல்லை. கிளம்பும் நாளில் அவன் காலில் விழுந்தான். திருநீறு பூசிவிட்டார், வாய் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நானும் அம்மாவும்தான் போனோம். பஸ் புறப்படும் வரை அவன் எங்கள் தலைக்கு மேலாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா வரமாட்டாருலே, ஏறு" என்று சொன்னேன். எனக்கு அப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம்.

அடுத்த கார்த்திகையில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருநெல்வேலியில் பெரிய டாக்டர் பார்த்தார். இதயம் வீங்கிப் பலமிழந்துவிட்டது, மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். படுத்தால் மூச்சு முட்டும். ஹாலில் கட்டிலைப் போட்டு, முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, இரவும் பகலும் உட்கார்ந்த நிலையிலேயே இருந்தார். நான் கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே ஹாலுக்கு வந்துவிட்டேன்.

தம்பியிடம் எதையும் மறைக்கவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் விவரம் கேட்டான், சொன்னேன். அங்கிருந்து வெளியே வர வழி உண்டா என்று நானும் விசாரித்தேன். உயிருக்கு ஆபத்து என்றால் விமானம் ஏற்பாடு செய்வார்களாம். ஆனால் சாகக் கிடக்கிறவர் அங்கே இருக்க வேண்டும். சங்கரன்கோவிலில் கிடந்தால் செல்லாது. மற்றபடி கப்பல்தான், கப்பல் நுழைய வேண்டுமென்றால் குடாவில் இருக்கிற ஐஸ் உடைய வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்புறம் வேறு பேச்சே இல்லை. அப்பாவுக்கு உயிர் இருக்கும்போதே அந்த ஐஸ் உடையுமா? காலையில் காபி கொடுக்கும்போது அம்மா கேட்பாள், "இன்னிக்கு என்னட்டி, எளகுச்சா?" இல்லை என்பேன். கோமதி அம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். நோய் தீர்க்கும் என்று கோவில் புற்றுமண் கொண்டுவந்து அப்பாவின் நெஞ்சில் பூசினாள். "தாயே, அந்த ஐஸ உருக்கிக் குடுத்துரு" என்று சன்னதியில் நின்று சத்தமாகவே வேண்டினாளாம். பக்கத்தில் நின்ற பெண் என்ன கஷ்டமோ என்று பயந்து விலகிப் போனதாக அவளே வந்து சொன்னாள். அப்போது மட்டும் இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

ஒருநாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "ஏட்டி, ஐஸ் உருகுதது கெட்டதுன்னுதான நீ எப்பவும் சொல்லுவ?"

"ஆமாம்மா."

"அப்ப நான் வேண்டுதது தப்பாட்டி?"

 நானும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன். குறையாதே குறையாதே என்று வருஷக்கணக்காக எதைப் பார்த்து மனசுக்குள் சொன்னேனோ, அதே ஐஸைப் பார்த்து இப்போது, உடைஞ்சு தொலையேன் சனியனே என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குடா என் பங்குக்கு வந்த பகுதியில்தான் இருந்தது. தம்பி போனவுடனேயே என் மேலதிகாரியிடம் சொன்னேன், அந்த இடத்தை நான் பார்ப்பது சரியாக இருக்காது என்று. அதற்குத்தானே இரண்டு பேர் வரைகிறோம், தப்பு வந்தால் தெரிந்துவிடும், நீங்களே பாருங்கள் என்றார். தப்பு வந்தது, ஆனால் நான் பயந்த மாதிரி இல்லை. ஆசையில் தண்ணீரை அதிகமாகக் காட்டிவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம். அந்தப் பயத்தில் தண்ணீர் என்று நன்றாகத் தெரிகிற இடத்தைக்கூட நம்பாமல், இது புது ஐஸாகத்தான் இருக்கும் என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். கொச்சிக்காரி கூப்பிட்டாள். அவளுடைய தமிழில், "சேச்சி, அந்தக் குடாவில் மட்டும் நீங்கள் ஐஸை வாரி வாரிப் போடுகிறீர்கள். எல்லாப் படத்திலும் என் கோட்டுக்கு வெளியேதான் உங்கள் கோடு" என்றாள். எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எதற்காக என்று அவள் கேட்கவில்லை, எனக்கே அழுகை வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடாவை வேறொருவருக்கு மாற்றினார்கள். நான் தப்பாக வரைந்ததையெல்லாம் புதிதாக வரைந்தார்கள்.

பொங்கல் வந்தது, போனது. கரும்பு கட்டியது கட்டியபடி மூலையில் சாய்ந்து கிடந்தது. கப்பல் ஐஸின் ஓரத்துக்கு வந்து காத்துக்கொண்டிருப்பதாகத் தம்பி சொன்னான். அப்பாவின் கால்கள் வீங்கி மினுமினுத்தன. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் ஐந்தாவதற்கு மூச்சு இல்லை. அப்போதும் மகனிடம் போனில் பேசமாட்டார். காதில் வைத்தால் கேட்டுக்கொள்வார். "அப்பா, நல்லா இருக்கீங்களா" என்று அவன் கேட்பது வெளியே கேட்கும். இவர் தலையை ஆட்டுவார். அவனுக்குத் தலையாட்டுவது எப்படித் தெரியும்? "ஆட்டுதாருலே, நல்லா இருக்கேன்னு ஆட்டுதாரு" என்று நான்தான் கத்த வேண்டும்.

அப்படி ஒரு மதியம். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். நான் என் பங்குப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, அந்தப் படத்த எடு" என்றார் அப்பா.

"அந்தக் குடா இப்ப எங்கிட்ட இல்லப்பா. வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

"பாக்கத்தான் கேக்கேன். எடு."

எடுத்து மடியருகே கொண்டுபோய் வைத்தேன். கப்பல் இங்கே, தம்பி இருக்கிற பாறைக்கரை அங்கே என்று காட்டினேன்.

"நடுவுல இருக்கது பூரா ஐஸா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "கோட்ட கொஞ்சம் உள்ள தள்ளிப் போடேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைச் சொன்னவர் யார் என்பதுதான் காரணம். தாலுகா ஆபீஸில் மழைமானி ஒன்று உண்டு. பெய்த மழையைத் தினமும் காலையில் அளந்து எழுதும் வேலை பல ஆண்டுகள் அப்பாவிடம் இருந்தது. இளையரசனேந்தல் பக்கம் எல்லாம் வானத்தை நம்பின மானாவாரி. ஒரு வருஷம் பயிர் கருகும் வரை வெயில் அடித்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கொட்டித் தீர்த்தது. அந்த ஒருநாள் கணக்கைக் குறைத்து எழுதினால் வறட்சி நிவாரணம் கிடைக்கும் என்று வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணாச்சி, ஒரு கோடு, ஒரே ஒரு கோடு கொறச்சு எழுதுங்க" என்று ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பெஞ்சத எழுதுதேன். ஒமக்காண்டி நான் வானத்தத் திருத்தி எழுத முடியாதுவே" என்று அப்பா கதவைச் சாத்தினார். அந்த மனிதர் தெருவில் நின்று சாபம் விட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த அப்பாதான் இப்போது கோட்டைத் தள்ளிப் போடச் சொல்லுகிறார்.

"போட்டா கப்பல் போவாதுப்பா. இது ஆராய்ச்சிக்கு. கப்பலுக்கு இந்தப் படம் போவாது."

"அது எனக்குத் தெரியாதா? போடு."

எங்கேயும் போகாத ஒரு நகலை எடுத்தேன். பழைய கோட்டை அழித்துவிட்டுக் கொஞ்சம் உள்ளே போட்டேன். "இன்னும்" என்றார். தள்ளிப் போட்டேன். "இன்னும் உள்ள போ." போனேன். கோடு பாறைக்கரையைத் தொட்டது. கோட்டுக்கு வெளியே எல்லாம் தண்ணீர் என்று நீலம் பூசச் சொன்னார். பூசினேன். கப்பலிலிருந்து கரை வரைக்கும் ஒரு தடையில்லாமல் நீலமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைக்கு ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது.

"இப்படித் தொறந்துட்டா வந்துருவாம்லா?"

"வந்துருவான்பா."

மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "சரி. அழிச்சிரு."

"இருந்துட்டுப் போட்டும்பா. இத யாரும் பாக்கப் போறதில்ல."

"தப்பு. அழிச்சிருட்டி."

அழித்தேன். நீலம் முழுக்கப் போகும் வரை பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில், அம்மா காபியை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார். சத்தம் இல்லை, திமிறல் இல்லை. தலை லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். அம்மாவிடம்கூடப் போகாமல் முதலில் கணினியைத்தான் திறந்தேன். அன்றைய படம் வந்திருந்தது. குடா முழுக்க வெள்ளை. ஒரு கீறல் கிடையாது. தரையில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். சாவு கேட்டு முதலில் ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருக்கிறாள்.

பெரியப்பா மகன் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பைக்கில் வந்தான். அவன்தான் கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலிருந்து தம்பிக்கு வீடியோவில் காட்டினார்களாம். பாதியிலேயே படம் நின்றுபோய்விட்டது. எல்லாம் முடிந்த பிறகு அம்மா போனில் அவனிடம் கேட்டது ஒன்றுதான்.

"தலைக்கு ஊத்துனியாலே?"

"ஊத்துனேம்மா."

"தண்ணி இருக்கா அங்கன?"

"குடாவுல போயி ஒரு வாளி ஐஸ் வெட்டிட்டு வந்தேம்மா. ஜெனரேட்டர் சூட்டுல வச்சு உருக்கி ஊத்துனேன்."

அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  நானும் தம்பியும் அப்படியே போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே குடா திறந்தது. கரையிலிருந்து பெருங்காற்று அடித்திருக்கிறது. ஐஸ் துண்டு துண்டாக உடைந்து வெளியே போய்விட்டது. காலையில் எங்கள் குழுவில் எல்லாருக்கும் மேலதிகாரி எழுதியிருந்தார். எங்கள் பதிவுகளில் இந்தக் குடா இவ்வளவு சீக்கிரம் திறந்ததே இல்லை, கவலைப்பட வேண்டிய விஷயம், எல்லாரும் ஒருமுறை சரிபாருங்கள். சீக்கிரமா? யாருக்குச் சீக்கிரம்? கணினியை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அவர் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாருக்கும் பயம் வருகிற அளவுக்குச் சீக்கிரமாகத்தான் திறந்தது. எங்கள் வீட்டுக்குத்தான் பிந்திவிட்டது. அன்றைக்கு முழுக்க எனக்கு அவர்மேல் கோபம், ஐஸ்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே சாமிமேல் கோபம். மறுநாள் திறந்து சரிபார்த்தேன். கொச்சிக்காரி போட்ட கோடும் நான் போட்ட கோடும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

தீட்டுக் கழிந்ததும் அம்மா பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்து மாவிளக்கு பிடித்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இன்னும் என்னத்துக்கும்மா அவளுக்கு வெளக்கு?" என்று கத்தினேன்.

"ஐஸ உருக்கிக் குடுன்னேன். உருக்கிக் குடுத்துட்டால்லா. எப்பன்னு சொல்லாம விட்டது எந் தப்புத்தான" என்றாள். நெய் ஊற்றித் திரி போட்டாள். நானும் கூடப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

தம்பி பங்குனி வெயிலில் வந்து இறங்கினான். ஆள் வெளுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். ஹாலில் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. அப்பாவின் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். சாப்பிடச் சொன்னோம், சாப்பிட்டான். அம்மா கண் அசந்த பிறகு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, கடைசி வரைக்கும் அப்பா எங்கிட்ட ஒரு வார்த்த பேசலைலா" என்றான்.

"பேசல."

"என்னையப் பத்தி ஒங்கிட்டயாவது எதும் சொன்னாரா?"

இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் அது வரை வைத்திருந்தேன். "அந்தக் குடாப் படத்த எடுக்கச் சொன்னாரு. கோட்ட உள்ள தள்ளிப் போடச் சொன்னாரு" என்றேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "யாரு, அப்பாவா?"

"அப்பாதாம்லே."

"ஐஸ் இருக்கையிலயா? பொய்யாவா போடச் சொன்னாரு?"

"ஆமா. கப்பலு உள்ள வார மாதிரி. போட்டுக் காட்டுனேன், பாத்தாரு. அப்புறம் தப்புன்னு அழிக்கச் சொல்லிட்டாரு."

"அதான பாத்தேன்" என்று சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை, தோள் குலுங்கியது. சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்து அவன் தலையில் கையை வைத்தேன். முகத்தை என் முழங்காலில் புதைத்துக்கொண்டு கேட்டான்.

"எங்கன வரைக்கும்க்கா போடச் சொன்னாரு?"

"நீ நிக்க எடம் வரைக்கும்லே."